கர்னலின் மலைப்பாதை – 7: விளம்பரம் பார்த்து வந்த மூவர்

சென்ற வாரம் அன்னபூர்ணா-2 உச்சியில் நிறுத்தியிருந்தோம். 1960 மே 17. 7,937 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் முதன்முதலாக மனிதக் கால் பட்ட நாள். டிக் கிராண்ட், கிறிஸ் பானிங்டன், ஆங் நியிமா என்று மூன்று பேர் மேலே நின்றார்கள். பிரிட்டன், இந்தியா, நேபாளம் மூன்று நாட்டுப் படைவீரர்களையும் ஒரே குழுவாகக் கட்டி அங்கே கொண்டுசேர்த்த தலைவர், லெப்டினன்ட் கர்னல் ஜிம்மி ராபர்ட்ஸ், அந்த மூவரில் இல்லை.

தொடரை முதலிலிருந்து படித்துவருபவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. 1957-ல் மச்சாபுச்சரேயில் உச்சிக்கு சுமார் 45 மீட்டர் கீழே வரை போய்த் திரும்பியவர்கள் வில்ஃப்ரிட் நாய்ஸும் டேவிட் காக்ஸும். அந்தக் குழுவுக்கும் தலைவர் ராபர்ட்ஸ்தான். 1953-ல் உலகமே எவரெஸ்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்குக் கிடைத்த வேலை, பின்னால் வந்த ஆக்ஸிஜன் சுமைகளை மலையடிவாரம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது.

பட்டாளத்தில் அவர் சேர்ந்ததே இமயமலைக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்ற ஆசையில்தான். 1938-ல் மாஷர்ப்ரும். 1942-ல் பாராசூட்டில் வடபர்மாவில் குதித்து, கொட்டும் மழைக்காலத்தில் காட்டைக் கடந்து ஃபோர்ட் ஹெர்ட்ஸ் வரை நடை. 1950-ல் பிரிட்டிஷ் மலையேறி டில்மனோடு அன்னபூர்ணா வட்டாரம். 1956-ல், வெளியார் எவரும் அதுவரை நுழைந்திராத அன்னபூர்ணா உட்பள்ளத்தாக்கு. எங்கே போனாலும் நடந்தே போனவர்.

இப்போது அந்த மனிதர் சீருடையைக் கழற்றப்போகிறார்.

* * *

1958-ல் காத்மாண்டுவின் பிரிட்டிஷ் தூதரகத்துக்கு முதல் ராணுவ இணைப்பதிகாரியாக வந்தவர் ராபர்ட்ஸ். 1960-களின் தொடக்கத்தில் பட்டாள வாழ்க்கை முடிந்தது. வயது நாற்பதைத் தாண்டி ஐந்தாறு ஆண்டுகள்.

அந்த வயதில் ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் அதிகாரிகள் வழக்கமாக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுவார்கள். ராபர்ட்ஸ் ஏறவில்லை. ஏறி எங்கே போவது? பிறந்தது குஜராத்தில். பள்ளிப் படிப்பும் சாண்ட்ஹர்ஸ்ட் பயிற்சியும் மட்டும்தான் இங்கிலாந்து. அதற்குப் பிறகு வளர்ந்த வயதெல்லாம் கூர்க்கா வீரர்களோடு கழிந்தது. அவர்களுடைய மொழியில்தான் அன்றாடம் கட்டளையிட்டார், கணக்குப் பார்த்தார், கோபப்பட்டார். அவருக்கு ஊர் என்று ஒன்று இருந்தால் அது நேபாளத்து மலைச்சரிவுகள்தான்.

ஆனால் ஊர் மட்டும் சோறு போடாது. ஓய்வூதியத்தோடு வேறு ஏதாவது வருமானம் வேண்டும். மலைகளையும் ஆட்களையும் பாதைகளையும் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது.

அன்றைய நேபாளத்தில் அந்த அறிவுக்கு யார் காசு கொடுப்பார்கள்? 1962-ல் அந்த நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் மொத்தம் 6,179 பேர். பெரும்பாலானோர் விமானத்தில் வந்து, கோயில்களையும் அரண்மனைச் சதுக்கங்களையும் படம் பிடித்து, சில நாளில் திரும்பிவிடுவார்கள். காத்மாண்டுப் பள்ளத்தாக்கைத் தாண்டி உள்ளே போனவர்கள் ஆராய்ச்சியாளர்கள், அதிகாரிகள், மலையேற்றக் குழுவினர். சும்மா நடந்து பார்க்கலாம் என்று எவரும் வரவில்லை. வந்தாலும் தங்க விடுதி கிடையாது, போகச் சாலை கிடையாது. போக்ராவுக்கே விமானம் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும்.

* * *

1963-ல் ஒரு பெரிய வேலை அவரைத் தேடி வந்தது.

நார்மன் டைரன்ஃபர்த் தலைமையில் அமெரிக்கர்கள் எவரெஸ்ட்டுக்கு வந்தார்கள். அதுவரை இமயமலை கண்ட மிகப் பெரிய குழுக்களில் ஒன்று. ஏணிகள், கயிறுகள், கூடாரங்கள், உணவுப்பெட்டிகள், ஆக்ஸிஜன் உருளைகள், திரைப்படக் கருவிகள் எல்லாம் மலைபோல் குவிந்தன. இவ்வளவையும் காத்மாண்டுவுக்குக் கிழக்கே பனேபாவிலிருந்து எவரெஸ்ட் அடிவாரத்துக் கும்பு வரை மனித முதுகில்தான் ஏற்ற வேண்டும். போக்குவரத்துப் பொறுப்பை ராபர்ட்ஸிடம் கொடுத்தார் டைரன்ஃபர்த்.

பிப்ரவரி 20 அன்று பயணம் தொடங்கியது. சுமைதூக்கிகள் மட்டும் 900-க்கும் மேல்.

ஆளுக்கு ஏறத்தாழ 30 கிலோ. மூங்கிலால் பின்னிய கூம்பு வடிவக் கூடை, டோக்கோ. அதன் அடியைச் சுற்றி வரும் நாம்லோ என்ற பட்டை நெற்றியில் அழுந்தும். பாரம் முழுக்கக் கழுத்தில் இறங்கும். கையில் 'டி' வடிவக் கட்டை ஒன்று. மூச்சு வாங்கும்போது கூடையை இறக்கிவைப்பதில்லை. இறக்கினால் மறுபடி தூக்குவது பெரும்பாடு. அந்தக் கட்டையைப் பின்னால் கூடைக்கு முட்டுக்கொடுத்து, நின்றபடியே ஒரு நிமிடம் இளைப்பாறி மறுபடி நடப்பார்கள். பலருக்குக் காலில் செருப்புகூடக் கிடையாது.

இப்படி 900 பேரை இரண்டு வாரத்துக்கு மேல் நடத்திச் செல்வது சாதாரணக் காரியமில்லை. ஒவ்வொரு மாலையும் அவர்களுக்கு ஒதுங்க இடம், அடுப்புக்கு விறகு, வாங்கித் தின்ன தானியம் கிடைக்கிற ஊராகப் பார்த்து நிறுத்த வேண்டும். பாதி வழியில் வேலையை விட்டுப் போகிறவனுக்குக் கணக்கு முடிக்க வேண்டும். ஒரு சுமைகூட வழியில் தவறக் கூடாது. ஆற்றுக்கு ஆறு, கணவாய்க்குக் கணவாய் இதே வேலை. ஒரு பட்டாளத்தை நகர்த்தத் தெரிந்தவரால்தான் முடியும். ராபர்ட்ஸுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பயணத்தின் பிற்பகுதி உலகம் அறிந்தது. மார்ச் 23 அன்று பனிச்சுவர் சரிந்து விழுந்து ஜேக் பிரைட்டன்பாக் இறந்தார். மே 1 அன்று ஜிம் விட்டேகரும் நவாங் கோம்புவும் உச்சியைத் தொட்டார்கள். மே 22 அன்று டாம் ஹார்ன்பைனும் வில்லி அன்சோல்டும் மேற்கு முகட்டு வழியாக ஏறி மறுபுறம் இறங்கினார்கள். புத்தகங்களும் படங்களும் அந்த நாட்களைப் பற்றித்தான் பேசுகின்றன.

நம் கதைக்கு அதற்கு முந்தைய வாரங்கள்தான் முக்கியம். பனேபாவுக்கும் கும்புவுக்கும் நடுவில் கழிந்த நடை. மலையேறிகள் அதைக் கழிக்க வேண்டிய நாட்களாகவே எண்ணினார்கள். உடம்பு பழகட்டும், சுமை வந்து சேரட்டும், பிறகு உண்மையான வேலை தொடங்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் படிப்படியாக இறங்கும் வயல்கள், ரோடோடென்ட்ரான் பூத்துச் சிவந்த காடு, திருப்பத்துக்குத் திருப்பம் நெருங்கிவரும் பனிமலை எல்லாம் இருப்பது அந்த வழியில்தான். உச்சிக்குப் போகாத ஒருவருக்கு அந்த வழியே போதுமானதாக இருக்கலாம் அல்லவா?

ராபர்ட்ஸுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. பத்து ஆண்டுக்கு முன்பே அவர் அதற்குத் தன் காலால் விடை சொல்லியிருந்தார்.

* * *

1953 ஏப்ரல். ஆக்ஸிஜன் சுமைகளை ஒப்படைத்தாகிவிட்டது. ஜான் ஹண்டின் குழு எவரெஸ்ட் மீது முகாம் முகாமாக ஏறிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்தவர் அங்கேயே தங்கி வேடிக்கை பார்த்திருக்கலாம். வெற்றிச் செய்தி வரும்போது பக்கத்தில் நின்று படத்தில் இடம் பிடித்திருக்கலாம்.

அவர் திரும்பி நடந்தார். சென் டென்சிங்கையும் வேறு சில ஷெர்பாக்களையும் கூட்டிக்கொண்டு, வரைபடத்தில் சரியாகக் குறிக்கப்படாத தெற்குப் பள்ளத்தாக்குகளுக்குள் நுழைந்தார்.

சென் டென்சிங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஷிப்டன், டில்மன் காலத்திலிருந்து மலைக்குப் போய்வந்த பழைய ஷெர்பா. வெள்ளைக்காரர்கள் கொடுத்த உடுப்புகளை ஒன்றுவிடாமல் அணிந்து ஊர்வலம் வருவார். அதனால் அவருக்குப் 'பரதேசத்து விளையாட்டு வீரர்' என்கிற பொருளில் ஒரு பட்டப்பெயரே இருந்தது. வழியை மோப்பம் பிடிப்பதில் அவருக்கு நிகர் குறைவு.

மே 20 அன்று இருவரும் மேரா சிகரத்தில் நின்றார்கள். 6,400 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். அதற்கு முன் எவரும் ஏறியதில்லை. அங்கிருந்து பார்த்தால் எவரெஸ்ட், லோட்சே, மக்காலு, சோ ஓயு, கஞ்சன்ஜங்கா எல்லாம் கண்ணுக்கு எட்டும்.

ஒன்பது நாள் கழித்து ஹிலாரியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்ட்டை வென்றார்கள். மேராவை யார் கவனிக்கப்போகிறார்கள்?

இந்த மனிதரின் வாழ்க்கை திரும்பிய இடம் எது என்று கேட்டால், 1964-ஐயும் அப்போது அவர் தொடங்கிய கம்பெனியையும்தான் எல்லோரும் சொல்வார்கள். என் கணிப்பு வேறு. திருப்பம் நடந்தது 1953-ல், எவரெஸ்ட்டுக்கு முதுகைக் காட்டி அவர் நடந்த அந்த நாட்களில். சிறு கூட்டம், நம்பிக்கையான ஷெர்பாக்கள், தெரியாத பள்ளத்தாக்கு, அவசரமில்லாத நடை. பின்னாளில் அவர் மற்றவர்களுக்குக் கொடுத்ததும் இதே அனுபவம்தான்.

* * *

இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிடுவோம். ராபர்ட்ஸின் யோசனை மட்டும் இருந்து பயனில்லை. அதைச் செய்துகாட்ட ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களுக்கு அப்போது என்ன நெருக்கடி?

கும்புவின் ஷெர்பாக்கள் தலைமுறை தலைமுறையாக நங்பா லா கணவாயைக் கடந்து திபெத்தோடு வணிகம் செய்தவர்கள். 5,700 மீட்டருக்கு மேலே பனியாற்றின் மீது யாக்குகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். அங்கிருந்து உப்பும் கம்பளியும் வரும். இங்கிருந்து தானியமும் மற்றச் சரக்கும் போகும். நாம்சே பஜாரின் கல்வீடுகள் பல அந்த வணிகத்தில் எழுந்தவை.

1959-ல் திபெத்தில் நடந்ததை நாம் அறிவோம். தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார். சீனர்களின் கட்டுப்பாடு இறுகியது. உப்பு வழி சுருங்கியது. கும்புவில் மிஞ்சியது உருளைக்கிழங்கு வயலும் யாக்கும்தான்.

மலையேற்றக் கூலி இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் அந்த வேலை நெடுங்காலம் டார்ஜிலிங்கைச் சுற்றியே நடந்தது. இமாலயன் கிளப் அங்கே பெயர்ப் பதிவேடு வைத்திருந்தது. வேலை தேடும் ஷெர்பா இளைஞன் வீட்டைவிட்டு டார்ஜிலிங்குக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு குழு, ஒன்றிரண்டு மாத வேலை. அதிலும் பனிச்சரிவில் உயிர் போகலாம். எவரெஸ்ட்டில் மட்டும் 1922-ல் ஒரே சரிவில் ஏழு பேர் மாண்டார்கள்.

உயிரைப் பணயம் வைக்காத, பருவம் முழுக்க நீடிக்கிற, சொந்த ஊர் வழியாகவே போகிற வேலை ஒன்று இருந்தால்? கூடாரம் அடிக்கவும் சமைக்கவும் வழிகாட்டவும் ஷெர்பாக்களுக்கு ஏற்கெனவே தெரியும். வாடிக்கையாளர்தான் இல்லை.

* * *

1964-ல் காத்மாண்டுவில் ராபர்ட்ஸ் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். பெயர் மவுன்டன் டிராவல். நேபாளத்தின் முதல் டிரெக்கிங் நிறுவனம்.

அமெரிக்காவில் 'ஹாலிடே' என்ற பயணப் பத்திரிகையில் சின்ன விளம்பரம் கொடுத்தார். நேபாளத்து மலைகளில் கூடாரத்தில் தங்கி, சுமையை மற்றவர்கள் தூக்க, நடந்து வரலாம் வாருங்கள் என்பதுதான் சாரம். அன்றைக்கு இது எவ்வளவு விசித்திரமாகத் தோன்றியிருக்கும் என்பதை இன்றைய வாசகர் கற்பனை செய்வது கடினம். உலகின் மறுகோடிக்கு விமானச் செலவு செய்து வந்து, சாலையே இல்லாத நாட்டில் வாரக்கணக்கில் நடப்பதற்கு யாராவது பணம் கட்டுவார்களா? அதுவும் பெயர் தெரியாத ஒரு கம்பெனியை நம்பி?

விளம்பரத்தைப் பார்த்துப் புறப்பட்டு வந்தவர்கள் மூன்று பேர்.

மூவரும் பெண்கள். அமெரிக்கர்கள். மலையேறிகள் அல்லர், இளவயதைக் கடந்தவர்கள். 1965-ன் தொடக்கத்தில் காத்மாண்டுவில் வந்து இறங்கினார்கள்.

கர்னலே அவர்களை அழைத்துப்போனார். பட்டாளக் கம்பெனிகளை நடத்தியவர், 900 சுமைதூக்கிகளை மேய்த்தவர், மூன்று பெண்களுக்காகச் சமையல் பொருளைச் சரிபார்த்து, கூடாரக் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைத் தாழ்வாக அவர் நினைத்திருந்தால் இந்தத் தொழில் அன்றே முடிந்திருக்கும்.

அவர் வகுத்த முறை இன்றும் நேபாளத்து முகாம்களில் புழங்குகிறது. விடியும்போது கூடார வாசலில் ஒரு குரல், ஒரு கோப்பைச் சூடான தேநீர். அடுத்து முகம் கழுவ ஒரு கிண்ணம் வெந்நீர். விருந்தினர் உடுத்தி வெளியே வருவதற்குள் கூடாரம் பிரிந்து சுருண்டு கூடைக்குள் போய்விடும். சமையல்காரரும் உதவிப் பையன்களும் எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடி, நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் அடுப்பு மூட்டிச் சாப்பாடு தயாராக வைத்திருப்பார்கள். பிற்பகலில் அடுத்த முகாமை எட்டும்போது கூடாரங்கள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சர்தார். கூலி, உணவு, வழி, சச்சரவு எதுவானாலும் அவர் சொல்வதே முடிவு.

கவனித்துப் பார்த்தால் இதில் புதிதாக ஒன்றுமே இல்லை. ஒவ்வொன்றும் இமாலயக் குழுக்களின் பழைய நடைமுறை. பெரிய மலையேற்றக் குழுவிலிருந்து மலையேற்றத்தை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டார் ராபர்ட்ஸ். அந்த ஒரு கழித்தலில்தான் ஒரு தொழிலே பிறந்தது. தயிர் கடையும்போது வெண்ணெய்க்காகக் காத்திருந்தவர்கள் நடுவில், மோருக்கும் ஆள் வருவார்கள் என்று கண்டுகொண்டவர் அவர்.

மூன்று பெண்களும் நடந்தார்கள். எவரும் பாதியில் திரும்பவில்லை. உற்சாகமாக நடந்து, மகிழ்ச்சியோடு ஊர் திரும்பினார்கள். அவர்களைப் போல நல்ல வாடிக்கையாளர்கள் அமைவது அபூர்வம் என்றே ராபர்ட்ஸ் பின்னாளிலும் நினைத்தார்.

யோசனை தேறிவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் அவருக்கு ஒரு தொழில் கிடைத்துவிட்டது.

* * *

அல்லது கிடைத்தது போலத் தோன்றியது.

நேபாளத்தின் வடக்கு எல்லை அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. 1962-ல் உட்ரோ வில்சன் சேயர் என்ற அமெரிக்கப் பேராசிரியர், நேபாள அரசிடம் வேறொரு சிகரத்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டு, திருட்டுத்தனமாகத் திபெத்துக்குள் நுழைந்து எவரெஸ்ட்டில் ஏற முயன்றார். திரும்பி வந்து அதைப் புத்தகமாகவும் எழுதினார். சீனாவோடு அப்போதுதான் எல்லை உடன்படிக்கை செய்திருந்த காத்மாண்டுவுக்கு இது பெரும் சங்கடம். எல்லையோர மலைகளில் திபெத்தியக் கம்பா போராளிகள் வேறு தளம் அமைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் சீனா. நடுவில் சிக்கிய சிறிய நாட்டுக்கு, கயிறும் கேமராவுமாக எல்லையில் திரியும் வெளிநாட்டவர் தலைவலியானார்கள்.

அந்த மூன்று பெண்கள் நடந்த அதே 1965-ல் நேபாள அரசு ஓர் உத்தரவு போட்டது. சிகரங்கள் மூடப்பட்டன. மலையேற்றக் குழு எதற்கும் இனி அனுமதி கிடையாது.

உப்பு வணிகத்தை இழந்திருந்த ஷெர்பாக்களுக்கு, இருந்த ஒரே கூலி வேலையும் ஒரு கையெழுத்தில் போனது. கம்பெனியின் கணக்கிலோ அதுவரை வந்துபோனவர்கள் வெறும் மூன்று பேர். தடை 1969 வரை நீடிக்கப்போகிறது என்று ராபர்ட்ஸுக்கு அப்போது தெரியாது.

உச்சிக்குப் போகும் வழி அடைபட்டது. அடிவாரத்துப் பாதைகளில் நடக்க வருகிறவர்களையாவது அரசு விட்டுவைக்குமா? விட்டுவைத்தாலும், வேலையற்று நிற்கும் அத்தனை ஷெர்பாக்களுக்கும் நடைப்பயணிகளை எங்கிருந்து கொண்டுவருவார் கர்னல்?

அடுத்த வாரம் பார்ப்போம்.